குறைமாதப் பிள்ளையின் விழித்திரை நோய்: எதனால் முற்றுகிறது, எப்படிக் கண்காணிப்பது

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு வரும் விழித்திரை நோயை ஆஸ்பத்திரியில் ஆர்.ஓ.பி. என்பார்கள். பிறந்த அன்று எந்தப் பிள்ளைக்கும் இது இருப்பதில்லை. பிறந்து சில வாரங்களில் தொடங்கி, சிலருக்குத் தானாக அடங்கும், சிலருக்கு முற்றும். முற்றுவதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண் சிவக்காது, பீளை தள்ளாது, பிள்ளை அழாது. கருமணியில் வெள்ளை தெரிகிறதே என்று ஒருவர் கவனிக்கும்போது விழித்திரை பெரும்பாலும் முழுதாகப் பிரிந்து போயிருக்கும்.

இதில் பெற்றோரை ஏமாற்றுவது காலக்கணக்குதான். "பிள்ளை தேறிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்கிற வாரமும், நோய் முற்றுகிற வாரமும் அநேகமாக ஒன்றாக விழுகின்றன. எடை ஏறுகிறது, பால் குடிக்கிறது, மூச்சு சீராகிவிட்டது. கண்ணுக்குள் மட்டும் கதை வேறு. அதனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்திருப்பவர்களும் சரி, டிஸ்சார்ஜ் ஆகி அம்பாசமுத்திரத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ ராதாபுரத்துக்கோ கூட்டிப்போனவர்களும் சரி, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கீழே சொல்வதையெல்லாம் எழுதி வையுங்கள். கண் டாக்டருக்கும் பிள்ளை டாக்டருக்கும் நடுவே தகவல் விட்டுப்போகாமல் காப்பது பல நேரம் அந்த நோட்டுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

கருவில் 16-ஆவது வாரம் வாக்கில் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பார்வை நரம்பின் தலையிலிருந்து ஓரத்தைப் பார்த்து வளரத் தொடங்கும். மூக்குப் பக்க ஓரத்தை 36 வாரம் வாக்கிலும், காதுப் பக்க ஓரத்தை 40 வாரம் வாக்கிலும் எட்டும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்குக் குழாய் பாதி வழியில் நிற்கிறது என்று பொருள்.

கருவுக்குள் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. வெளியே வந்ததும் அது கூடுகிறது. மேற்கொண்டு சிலிண்டரிலிருந்தும் கொடுத்தால் இன்னும் கூடுகிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் குழாயை வளரச் சொல்லும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் அடங்கிவிடும். கருவில் நிறைய இருந்த ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியும் குறைந்துபோகும். இரண்டும் சேர்ந்து குழாய் வளர்ச்சியை நிறுத்துகின்றன. இது முதல் கட்டம்.

கர்ப்ப வாரக் கணக்கில் 32, 33 வாரம் ஆனபிறகு விழித்திரை வளர்ந்து அதற்குத் தேவை கூடுகிறது. குழாய் இல்லாத ஓரப்பகுதி ஆக்சிஜனுக்குத் தவிக்கிறது. இப்போது வி.இ.ஜி.எஃப். அளவுக்கு மீறிச் சுரந்து, முறையற்ற புதுக்குழாய்கள் முளைக்கின்றன. அவை நாராகி விழித்திரையைப் பிடித்து இழுக்கின்றன. இது இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் ஆக்சிஜன் கூடினால் கெடுதல், இரண்டாம் கட்டத்தில் ஆக்சிஜன் திரும்பத் திரும்பக் குறைந்தால் கெடுதல். "ஆக்சிஜன் வைத்தார்களா, இல்லையா" என்று ஒரே வரியில் கேட்பதால் பயனில்லை என்பது இதனால்தான்.

முதல் பக்கம்: தேதிக் கணக்கு

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று எண்கள்: பிறந்த தேதி, பிறந்தபோது கர்ப்பம் எத்தனை வாரம் எத்தனை நாள், பிறந்த எடை கிராமில். வாரத்தைத் தோராயமாக எழுதாதீர்கள். "எட்டாம் மாசம் பிறந்த பிள்ளை" என்பது 31 வாரமாகவும் இருக்கலாம், 35 வாரமாகவும் இருக்கலாம். கண்ணுக்கு அந்த நான்கு வாரம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மகப்பேறு அட்டையில் முதல் மூன்று மாத ஸ்கேன் தேதி இருந்தால் அதை நம்பலாம்.

நம் நாட்டு வழிகாட்டுதலின்படி 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 34 முதல் 36 வாரத்துப் பிள்ளையாக இருந்தாலும் நீண்ட நாள் ஆக்சிஜன், கிருமித்தொற்று, ரத்தம் ஏற்றியது, மூச்சு நின்று நின்று வந்தது, எடை ஏறாதது இவற்றில் ஏதாவது இருந்தால் பார்த்தாக வேண்டும். முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள். 28 வாரத்துக்கு முன்னோ, 1200 கிராமுக்குக் கீழோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே.

வெளிநாட்டு நூல்களில் 1500 கிராம், 30 வாரம் என்று எல்லை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு "நம்ம பிள்ளை 1700, தேவையில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எல்லை அந்த ஊர் ஐ.சி.யு.வுக்கு. ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் வசதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாத நாட்டில் 1700, 1800 கிராம் பிள்ளைக்கும் கடுமையான நோய் வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 3 அன்று, 29 வாரம் 2 நாளில், 1150 கிராமில் பிறந்த பிள்ளை. 1200-க்குக் கீழ் என்பதால் முதல் பரிசோதனை ஜூன் 17-க்கும் 24-க்கும் இடையே. இனி ஒவ்வொரு வாரமும் பிறந்த வயதை கர்ப்ப வாரத்தோடு கூட்டிக்கொண்டே வாருங்கள்: ஜூலை 1-ல் 33 வாரம் 2 நாள், ஜூலை 15-ல் 35 வாரம் 2 நாள், ஆகஸ்ட் 5-ல் 38 வாரம் 2 நாள். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றுவது பெரும்பாலும் 35-லிருந்து 38 வாரத்துக்குள். ஆகவே இந்தப் பிள்ளைக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை எந்தத் தேதியும் தவறக் கூடாது. அந்த மூன்று வாரத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அந்த வாரங்களில் வீட்டில் கல்யாணம், கொடை, வேறு விசேஷம் எது இருந்தாலும் பிள்ளையின் தேதிதான் முதல்.

ஆக்சிஜன்: அளவு தெரியாமல் கொடுப்பதுதான் ஆபத்து

இந்த நோயை 1942-ல் பாஸ்டனில் தியோடர் டெரி என்ற கண் டாக்டர் விவரித்தார். ஆக்சிஜனுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1951-ல் மெல்போர்னில் கேட் கேம்பெல் எழுதினார். அதன்பிறகு பயந்துபோய் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்ததில், கண் தப்பிய பிள்ளைகளைவிட உயிர் போன பிள்ளைகள் அதிகமானார்கள். 2010-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வும் இதையே காட்டியது: ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 85–89 சதவீதத்தில் வைத்தபோது கடும் ஆர்.ஓ.பி. குறைந்தது, இறப்பு கூடியது. எனவே "கண்ணுக்குக் கெடுதலாம், ஆக்சிஜனை நிறுத்துங்க" என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியது வேறு.

ஆக்சிஜன் வாங்கும் குறைமாதப் பிள்ளைக்கு பல்ஸ் ஆக்சிமீட்டரில் 90-லிருந்து 95-க்குள் இருக்க வேண்டும். அலாரம் கீழே 89, மேலே 95. கீழ் அலாரத்தை எல்லோரும் வைத்துவிடுவார்கள். மேல் அலாரத்தை அணைத்து வைத்திருப்பதுதான் வழக்கமான குறை. மானிட்டரில் 100 வந்தால் பக்கத்தில் நிற்கிற ஆச்சிக்குச் சந்தோஷமாக இருக்கும், நர்ஸுக்கும் நிம்மதி. ஆனால் 95-ஐத் தாண்டிவிட்டால் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் 80 மில்லிமீட்டரா, 300-ஆ என்று அந்தக் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. 100 என்ற எண்ணுக்குள் இரண்டும் அடங்கும்.

ஒரு விதிவிலக்கை மறக்க வேண்டாம். ஆக்சிஜன் குழாய் எதுவும் இல்லாமல் வெறும் காற்றை மூச்சிழுக்கிற பிள்ளைக்கு 98, 100 வந்தால் அது நல்லதே. மேல் வரம்பு ஆக்சிஜன் வாங்கும் பிள்ளைக்கு மட்டும். மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று செலுத்தும் கருவியான சிபாப்பில், ஆக்சிஜன் சேர்க்காத வெறும் காற்றில் (21 சதவீதம்) இருந்தாலும் இதே விதிவிலக்குதான்.

பிரசவ அறையில் 35 வாரத்துக்குள் பிறந்த பிள்ளைக்கு மூச்சு உதவி தேவைப்பட்டால் 21–30 சதவீத ஆக்சிஜனில் தொடங்கி, வலது கையில் ஆக்சிமீட்டர் மாட்டி, அதைப் பார்த்துக் கூட்ட வேண்டும். பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் 80–85 போதும். முதல் நிமிடத்திலேயே 95-ஐ எட்டவைக்க முயல்வது தவறு. கையால் அழுத்தும் அம்பு பேக்கைப் பற்றி ஒரு விவரம்: ஆக்சிஜன் குழாய் சொருகாவிட்டால் 21 சதவீதம், குழாய் மட்டும் சொருகினால் ஏறக்குறைய 40, பின்னால் சேமிப்புப் பையும் மாட்டினால் 90-க்கு மேல். பையை மாட்டுவதா கழற்றுவதா என்பதே இங்கே ஒரு முடிவு.

காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டர் இருந்தால் நல்லது. இல்லாத இடத்தில் காற்றுக் குழாயும் ஆக்சிஜன் குழாயும் ஒய் வடிவ இணைப்பில் சேர்ந்தால் கணக்கை இப்படிப் போடலாம்: நிமிடத்துக்கு 4 லிட்டர் காற்றும் 1 லிட்டர் ஆக்சிஜனும் கலந்தால் கிடைப்பது 37 சதவீதம், 9 லிட்டர் காற்றும் 1 லிட்டர் ஆக்சிஜனும் என்றால் 29 சதவீதம். காற்று லிட்டரை 21-ஆலும் ஆக்சிஜன் லிட்டரை 100-ஆலும் பெருக்கிக் கூட்டி, மொத்த லிட்டரால் வகுங்கள். சுவரில் ஒரு அட்டவணை ஒட்டிவைத்தால் ராத்திரி டியூட்டியில் யாரும் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை.

அதிகம் கவனிக்கப்படாத இடம் ஆம்புலன்ஸ். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு வரும் வழியில் கலக்காத சிலிண்டர் ஆக்சிஜன், ஆக்சிமீட்டரை யாரும் பார்ப்பதில்லை. பயணம் ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். அனுப்புகிற இடத்தில் "90-லிருந்து 95-க்குள் வையுங்கள், அதைத் தாண்டினால் குறையுங்கள்" என்று ரெஃபரல் சீட்டிலேயே எழுதிக் கொடுப்பது நல்ல பழக்கம். ஆக்சிமீட்டரின் சார்ஜ் வழியில் தீராமல் பார்த்துக்கொள்வதும் அதில் சேரும்.

ஏற்ற இறக்கம் இன்னொரு குற்றவாளி. பிள்ளைக்கு மூச்சு நின்று அளவு 70-க்கு இறங்குகிறது. ஆக்சிஜனை ஒரேயடியாக 100-க்குத் திருகுகிறார்கள். பிள்ளை நிறம் திரும்புகிறது. அடுத்த பிள்ளை அழ, நர்ஸ் அங்கே போய்விடுகிறார். திருகியதைக் குறைக்க ஆளில்லை. சரியான முறை: முதலில் முதுகைத் தடவி மூச்சைத் தூண்டுவது, கழுத்து மடங்கியிருக்கிறதா, மூக்கு அடைத்திருக்கிறதா, ஆக்சிமீட்டரின் புரோப் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பது, அதன்பிறகு ஐந்து பத்து சதவீதமாகக் கூட்டுவது, பழைய அளவுக்கு வரும்வரை அந்தத் தொட்டிலை விட்டு நகராமல் இருப்பது. மூச்சு நிற்பதற்குக் கொடுக்கும் காஃபீன் மருந்தை வேளை தவறாமல் கொடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும், கடும் ஆர்.ஓ.பி.யும் குறைவதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது.

நோட்டில் எழுத வேண்டியவை: வென்டிலேட்டரில் எத்தனை நாள், சிபாப்பில் எத்தனை நாள், மூக்குக் குழாயில் எத்தனை நாள், கடைசியாக ஆக்சிஜன் எடுத்த தேதி. டிஸ்சார்ஜ் சீட்டில் இவை விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கிருமியும் ரத்தமும்

ரத்தத்தில் கிருமித்தொற்று வந்த பிள்ளைக்கு ஆர்.ஓ.பி. வேகமாக முற்றும். பூஞ்சைத் தொற்று இன்னும் மோசம். தட்டணுக்கள் குறைந்து கிடக்கும் பிள்ளைக்கு மிக வேகமாக முற்றும் வகை வருவதோடு தொடர்பு உண்டு. ஆகவே கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு, தட்டணு எண்ணிக்கை இரண்டும் நோட்டில் ஏற வேண்டும்.

ரத்தம் ஏற்றுவதும் கணக்கில் வரும். பெரியவர்களின் ஹீமோகுளோபின், கருவிலிருந்து வந்த ஹீமோகுளோபினைவிட எளிதாக ஆக்சிஜனை இறக்கிவிடும். கூடவே இரும்புச் சத்தும் சேரும். தேவைப்பட்டால் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் தேவையைக் குறைக்க வழி இருக்கிறது: பிறந்ததும் தொப்புள்கொடியை 30 முதல் 60 விநாடி தாமதித்துக் கட்டுவது, ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்து ஒரே முறையாகக் குறைந்த அளவில் எடுப்பது. ஒரு கிலோ பிள்ளைக்கு உடம்பில் உள்ள மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான்.

மூளையில் ரத்தக்கசிவு, குடல் அழற்சி, நெடுநாள் நுரையீரல் பிரச்சினை, சர்க்கரை அளவு ஏறிக்கிடப்பது, பிறந்தபிறகு நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுத்தது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி அப்படியல்ல, அது நல்லது செய்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெளிச்சம் பற்றிப் பலர் கேட்பார்கள். வார்டு விளக்கு பட்டதால் இந்த நோய் வருவதில்லை. கண்ணை மூடி வைத்துப் பார்த்த ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலை விளக்கில் கண்ணைக் கட்டுவது வேறு காரணத்துக்காக, அதைத் தொடருங்கள்.

எடை ஏறும் வேகம்

பிறந்த எடையை மாற்ற முடியாது. பிறந்தபிறகு ஏறும் வேகத்தை மாற்ற முடியும். எடை மெதுவாக ஏறுவது ஐ.ஜி.எஃப்.-1 குறைவாக இருப்பதன் வெளி அடையாளம். முதல் வாரத்தில் எடை குறையும், பத்துப் பதினாலு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும். அதன்பிறகு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் வாக்கில் ஏற வேண்டும். 1200 கிராம் பிள்ளைக்கு இது நாளுக்கு 18 கிராம், வாரத்துக்கு 125 கிராம் அளவு. இரண்டு கிலோ தாண்டியபின் நாளுக்கு 20–30 கிராம்.

வட அமெரிக்கக் குழந்தைகளை வைத்து உருவாக்கிய ஒரு கணிப்பு முறையில் பிறந்த 10 முதல் 19 நாளுக்குள் 120 கிராமுக்குக் குறைவாகவோ, 20 முதல் 29 நாளுக்குள் 180 கிராமுக்குக் குறைவாகவோ, 30 முதல் 39 நாளுக்குள் 170 கிராமுக்குக் குறைவாகவோ ஏறியிருந்தால் ஆபத்து வரிசையில் சேர்ப்பார்கள். ஒரு எச்சரிக்கை மணியாக இதை வைத்துக்கொள்ளலாம். எடை நன்றாக ஏறுகிறது என்பதற்காகக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட இதைப் பயன்படுத்தக் கூடாது.

எடை போடுவதற்கு டிஜிட்டல் தராசு, 5 அல்லது 10 கிராம் துல்லியம் உள்ளது. தொங்கு தராசில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 100 கிராம். ஒரு வார வளர்ச்சி அந்த இடைவெளியிலேயே காணாமல் போகும். ஒரே தராசு, ஒரே நேரம், துணி இல்லாமல், பால் கொடுப்பதற்கு முன்.

பால் கணக்கு: தேறிய குறைமாதப் பிள்ளைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 150–180 மில்லி. ஒன்றரைக் கிலோ பிள்ளைக்கு 160 வீதம் 240 மில்லி. இரண்டு மணிக்கு ஒருதரம் என்றால் வேளைக்கு 20 மில்லி. தாய்ப்பாலைப் பீச்சிப் பாலாடையில் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் கடும் ஆர்.ஓ.பி. குறைவு, குடல் அழற்சியும் குறைவு. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலில் சேர்க்கும் சத்துப் பொடி தேவைப்படலாம். அளவை டாக்டர் சொல்வார். பாலாடையைக் கொதிக்கவைத்து எடுங்கள். பீச்சிய பாலை வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அதுவே அதிகம்.

பாலில் கிடைக்கும் சத்து உடம்புச் சூட்டைக் காக்கவே செலவானால் எடை ஏறாது. ஆனி ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலும் காற்றும் சேர்ந்தால் வீட்டுக்குள்ளும் குளிர் இறங்கும். பிள்ளையை டயப்பர், தொப்பி, காலுறையோடு தாயின் மார்பில் நேராகப் படுக்கவைத்து, பருத்திச் சேலையால் சேர்த்துக் கட்டும் கங்காரு முறையில் நாளொன்றுக்கு குறைந்தது 8 மணி நேரம் வையுங்கள். தாய் களைத்தால் அப்பா, ஆச்சி, சித்தி யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் முகம் பக்கவாட்டில் திரும்பி, மூக்கு திறந்து இருக்க வேண்டும். கழுத்து மடங்கினால் மூச்சு நிற்கும்.

வீட்டு வழக்கங்கள் குறுக்கே வரும் இடங்கள்

நாற்பது நாள் தீட்டு கழியாமல் பச்சைப் பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். மேலே போட்ட கணக்கில் நாற்பதாவது நாள் ஜூலை 13. அன்று பிள்ளைக்கு 35 வாரம். அதாவது முதல் இரண்டு மூன்று பரிசோதனைகள் போயே போய்விட்டன, ஆபத்தான வாரங்கள் அன்றுதான் தொடங்குகின்றன. ஆச்சியிடம் இதை டிஸ்சார்ஜுக்கு முன்பே பேசிவிடுங்கள். அதுவும் டாக்டரோ நர்ஸோ நேரில் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். செவ்வாய்க்கிழமை கிளம்பக் கூடாது, அஷ்டமி ஆகாது என்பதற்கும் வழி உண்டு: தேதி கொடுக்கும்போதே சொன்னால் ஒரு நாள் முன்னதாகப் போட்டுக் கொடுப்பார்கள். முன்னதாகப் போகலாம், பின்னதாகக் கூடாது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். பிள்ளை நாங்குநேரிப் பக்கம் இருக்கும், ஆஸ்பத்திரிப் பதிவில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவின் நம்பர். நினைவூட்டல் போன் அங்கே போய் நிற்கும். பதிவில் தாயின் நம்பர், ஆச்சி தாத்தாவின் நம்பர், பிள்ளை இருக்கும் ஊரின் கிராம சுகாதார நர்ஸ் நம்பர் மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கண்ணில் தாய்ப்பால் பீச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, மை தீட்டுவது, நாக்கில் சேனை தொட்டு வைப்பது, உரைமருந்து இழைத்துக் கொடுப்பது எல்லாமே குறைமாதப் பிள்ளைக்குக் கிருமியை உள்ளே விடும் வாசல்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வீட்டில் பீடி சுற்றுபவர்கள் தட்டைப் பிள்ளை படுக்கும் அறையில் வைக்க வேண்டாம். புகையிலைத் தூள் நேரே கண்ணைக் கெடுக்கிறது என்று சொல்ல வரவில்லை. நுரையீரல் ஏற்கெனவே சளைத்த பிள்ளை; மறுபடி மூச்சுத் திணறி ஆக்சிஜனுக்குப் போனால் சுற்று மீண்டும் தொடங்கும்.

பரிசோதனை நாளில்

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன் பால் கொடுத்து முடியுங்கள். வயிறு நிறைய இருந்தால் வாந்தியெடுத்து மூச்சுக்குழலில் ஏறும். கண்ணின் பாப்பாவை (கருமணியின் நடுத்துளையை) விரியவைக்கும் சொட்டு மருந்தைப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை விடுவார்கள். பெரியவர்களுக்கான டிராபிகமைடு–ஃபினைல்எஃப்ரின் மருந்தைப் பாதிக்குப் பாதி கலந்து நீர்க்கச் செய்துதான் குறைமாதப் பிள்ளைக்கு விட வேண்டும். 10 சதவீத ஃபினைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தைத் தூக்கிவிடும், அட்ரோபினும் ஆகாது. இமைக்கு வெளியே வழிவதை உடனே துடையுங்கள். தோல் வழியே உறிஞ்சி வயிறு உப்பும். மூன்று முறை விட்டும் பாப்பா விரியவில்லை என்றால் நாலாவது, ஐந்தாவது என்று ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. விரியாத பாப்பாவே நோய் முற்றியதன் அடையாளமாக இருக்கலாம்; டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இமையை விரிக்கும் கம்பி வைத்துப் பார்ப்பதால் பிள்ளை அழும். துணியில் கைகால் சேர்த்துச் சுற்றி, வாயில் இரண்டு சொட்டு தாய்ப்பாலோ சர்க்கரைக் கரைசலோ விட்டால் வலி குறையும். இமை வீக்கமும் சிவப்பும் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். அன்று முழுவதும் மூச்சைக் கவனியுங்கள். சில பிள்ளைக்கு மூச்சு நிற்பது பரிசோதனைக்குப் பிறகு கூடும்.

சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது

மூன்று விஷயம் இருக்கும். சோன் என்பது குழாய் எதுவரை வளர்ந்திருக்கிறது என்பது: சோன் 1 நடுப்பகுதி, சோன் 3 வெளி ஓரம். எண் சிறிதாக இருந்தால் ஆபத்து பெரிது. ஸ்டேஜ் 1 என்றால் மெல்லிய கோடு, 2 என்றால் மேடு, 3 என்றால் புதுக்குழாய்கள், 4 என்றால் விழித்திரை ஒரு பகுதி பிரிந்தது, 5 என்றால் முழுதாகப் பிரிந்தது. பிளஸ் என்று எழுதியிருந்தால் நடுவில் உள்ள குழாய்கள் புடைத்து நெளிந்திருக்கின்றன. அந்த ஒரு சொல் ஸ்டேஜ் எண்ணைவிட அவசரமானது.

சோன் 1-ல் எந்த ஸ்டேஜானாலும் பிளஸ் இருந்தால், அல்லது பிளஸ் இல்லாவிட்டாலும் ஸ்டேஜ் 3 என்றால், அல்லது சோன் 2-ல் ஸ்டேஜ் 2 அல்லது 3 பிளஸ்ஸோடு என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை. ஏ-ஆர்.ஓ.பி. என்று எழுதியிருந்தால் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி சில நாளிலேயே விழித்திரை பிரியலாம்; அன்றே முடிவெடுக்க வேண்டிய வகை. மற்றபடி சோன் 1 என்றால் வாரத்துக்கு ஒருமுறை, சோன் 2 என்றால் நிலையைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வாரம், சோன் 3 என்றால் இரண்டு மூன்று வாரம். "பரவாயில்லை" என்று டாக்டர் சொன்னால் அடுத்த தேதி என்ன என்று கேளுங்கள். குழாய் ஓரம்வரை எட்டிவிட்டது, இனி வர வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும்வரை தேதி ஓடும்.

சிகிச்சைக்குப் பின்

லேசரில் குழாய் இல்லாத ஓரப்பகுதியைச் சுட்டு வி.இ.ஜி.எஃப். சுரப்பை அடக்குவார்கள். ஒரு வாரத்தில் மறுபார்வை. விட்டுப்போன இடம் இருந்தால் மறுபடி லேசர். கண்ணுக்குள் போடும் ஊசி வேகமாக வேலை செய்யும், நடுப்பகுதி நோய்க்கு உதவும். ஆனால் ஊசி நோயை அடக்கி வைக்கிறதே தவிர, எல்லாப் பிள்ளைக்கும் வேரோடு எடுப்பதில்லை. கர்ப்ப வாரத்தோடு பிறந்த வயதைக் கூட்டிய கணக்கில் 45-லிருந்து 55 வாரத்துக்குள் திரும்ப வரலாம். லேசர் செய்த பிள்ளையைவிட ஊசி போட்ட பிள்ளைக்கு நெடுநாள் வர வேண்டும், குறைந்தது 65 வாரக் கணக்குவரை. மேலே சொன்ன பிள்ளைக்கு அது அடுத்த பிப்ரவரி. ஊசி போட்ட சில நாளில் கண் சிவந்து வீங்கினாலோ பீளை வைத்தாலோ, ராத்திரியானாலும் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.

ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் 30 குறைபாடுகள் பட்டியலில் ஆர்.ஓ.பி. இருக்கிறது. செலவை நினைத்துத் தேதியைத் தள்ளாமல், ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து எடுத்துப் போங்கள்.

நோய் அடங்கிய கண்ணுக்கும் கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பல் கண் வரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட அதிகம். ஆறு மாதத்தில் ஒருமுறை, ஒரு வயதில் ஒருமுறை, அதன்பின் பள்ளிக்கூடம் போகும்வரை வருடம் ஒருமுறை காட்டுங்கள். கண்ணாடி எழுதிக் கொடுத்தால் காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டி போட்ட பிளாஸ்டிக் ஃபிரேமாக வாங்குங்கள். ஒரு வயதுப் பிள்ளை கம்பி ஃபிரேமை ஒரே நாளில் வளைத்துவிடும்.